எட்டாம் மேட்டில் சுடாத பதினாறு பேர்

உங்க பையைக் கொஞ்சம் காலுக்குக் கீழ வச்சுக்கிறீங்களா? இடைஞ்சல்னு சொல்லல. அதோட வாய் என் பக்கமா திறந்திருக்கு, அதான். உள்ள என்ன இருக்குன்னும் நான் கேக்கல. பேசறதைப் பதிவு பண்ற கருவியெல்லாம் இப்போ சட்டைப் பொத்தான் அளவுல வந்திருச்சு, அதுக்குப் பையே வேண்டாம். அது எனக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரியட்டும், அவ்வளவுதான்.

விண்கப்பல் பூரா காலி சீட்டு. நீங்க வந்து என் பக்கத்துல உக்காந்திருக்கீங்க. சீட்டு நம்பர் இதுதான்னு சொல்றீங்க. சரி. நம்பறேன்.

மார்ல இருக்கிறதைத்தானே பார்த்தீங்க? பார்த்தீங்க, இல்லைன்னு சொல்லாதீங்க. வான்சுடர் விருது. பதினோரு வருஷப் போர்ல மொத்தமே ஒம்பது பேருக்குத்தான் குடுத்திருக்காங்க. நான் மேஜர் மழவராயன். போன மாசம் வரைக்கும் கேப்டன். செய்தியில பார்த்திருப்பீங்க. "துப்பாக்கியை இறக்கிய மாவீரன்"னு போட்டாங்க. போட்டாங்களா இல்லையா? அந்தத் தலைப்பை யார் யோசிச்சு வச்சதுன்னு நான் இன்னும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

உங்களை யாரும் அனுப்பலைன்னா சொல்றதுல ஒண்ணும் இல்ல. அனுப்பியிருந்தாலும், அவங்க சொன்ன மாதிரியே கேட்டுட்டுப் போகாம என் வாயால ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க.

உப்புக்கல்லுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சனியோட குட்டி நிலா. வரைபடத்துல பேரு கிடையாது, வெறும் நம்பர். வெள்ளை வெளேர்னு கட்டிப் பனி, கண்ணு கூசும், அதனால நாங்க வச்ச பேரு உப்புக்கல்லு. அங்க தண்ணி உருக்குற நிலையம் ஒண்ணு நம்ம கூட்டமைப்புக்குச் சொந்தம். அதுக்கு எதிர்ல, மூணு கிலோமீட்டர் தள்ளி, எட்டாம் மேடு. மேட்டு மேல நம்ம எதிரி, சனி வளையத்துக்காரங்களோட செய்திக் கோபுரம். நடுவுல வெறும் தரை. நாங்க அவங்களைப் பார்ப்போம், அவங்க எங்களைப் பார்ப்பாங்க. நாலு மாசம்.

அறுபது பேரோட இறங்கினேன். எனக்குக் குடுத்த உத்தரவு நிலையத்தைக் காப்பாத்துறது. காவல்காரன் வேலை! படைக்கல்லூரியில முதல் மாணவனா வந்தவனுக்கு! எனக்கு அடுத்த இடத்துல வந்த கீர்த்திவர்மன் அப்பவே கர்னல். அவன் படம் கல்லூரி முன்கூடத்துல மாட்டியாச்சு. அதுக்குப் பக்கத்துச் சுவர் காலியா இருக்கு, நானே அளந்து பார்த்திருக்கேன். எனக்கு அந்த அளவுக்கு ஒரு படம் எடுத்துத் தயாராவே வச்சிருந்தேன். சிரிக்காதீங்க. எல்லாக் கேப்டனும் வச்சிருப்பான், சொல்ல மாட்டான்.

அதனால எட்டாம் மேட்டைப் பிடிக்கணும்னு முடிவு பண்ணினேன். ரெண்டு தடவை முயற்சி பண்ணினேன். முதல் தடவை வழிகாட்டுக் கருவி சொன்ன பாதை தப்பு. ரெண்டாம் தடவை தரை சரியில்ல, பனி பிளந்திருச்சு. ரெண்டுலயும் என் திட்டத்துல ஒரு குறையும் கிடையாது. அதுக்கப்புறம் மிச்சம் இருந்தது பதினாறு பேர். அப்புறம் பேச்சியம்மாள்.

இந்தப் பேச்சியம்மாளைப் பத்தித்தான் சொல்லணும்.

லெப்டினன்ட். எனக்கு அடுத்த பொறுப்பு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், குள்ளம், எஞ்சின் மெக்கானிக்கா சேர்ந்து படிப்படியா மேல வந்த ஆளு. சிப்பாயிங்க எல்லாம் "பேச்சிக்கா, பேச்சிக்கா"ன்னுதான் கூப்பிடுவாங்க. ராணுவத்துல அக்கா என்ன அக்கா? என்னை 'சார்'னு மட்டும்தான் சொன்னாங்க. அதுவும் கேட்டாத்தான். நான் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னுடும். எதைப் பத்திப் பேசினீங்கன்னு கேட்டா, "சும்மா சார்"ம்பாங்க. பதினேழு பேர் சும்மா பேசுவாங்களா?

பேச்சியம்மாள்கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. காகித நோட்டு. இந்தக் காலத்துல யார் காகிதத்துல எழுதறா? காகிதத்துல எழுதினா எந்தக் கருவியும் படிக்க முடியாது, அதனாலதானே? ஒரு நாள் அவங்க எஞ்சின் அறையில இருக்கும்போது எடுத்துப் பார்த்தேன். பூரா செத்துப்போனவங்க பேரு. ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஊர், வீட்டுல யார் யார், கடைசியா என்ன பேசினான், என்ன பாட்டு பாடுவான்னு. எனக்கெதிரா சாட்சிப் பட்டியல் தயார் பண்றாங்கன்னு நினைச்சேன்.

நேராவே கேட்டேன். "லெப்டினன்ட், இது எதுக்கு?"

"வீட்டுக்குக் கடிதம் எழுதணும்ல சார். 'உங்க புள்ள வீரமா செத்தான்'னு மட்டும் எழுதினா அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அவன் இங்க எப்படி இருந்தான்னு ரெண்டு வரி இருந்தா பரவாயில்ல."

கேப்டன் எழுத வேண்டிய கடிதம்தான் அது, ஒத்துக்கறேன். எனக்கு எங்க நேரம்? மூணாவது தாக்குதலுக்கு வரைபடம் போட்டுக்கிட்டு இருந்தேன். ஆனா பாருங்க, கடிதத்துக்குக் கீழ கையெழுத்து என் பேருல போட்டு அனுப்பியிருக்காங்க. அந்தச் சனங்க எனக்குப் பதில் எழுதறாங்க, "நீங்க எழுதினதைப் படிச்சு அழுதோம் ஐயா"ன்னு. எனக்குத் தெரியாம என் பேருல! எதுக்காக அப்படிச் செய்யணும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இந்தச் சமயத்துலதான் சமாதானப் பேச்சு நடக்குதுன்னு தகவல் வர ஆரம்பிச்சுது. பசங்க முகமெல்லாம் மாறிப் போச்சு. ஹலீமான்னு ஒரு பொண்ணு, பீரங்கிப் பிரிவு, ஊருக்குப் போனா முதல்ல என்ன சாப்பிடுவேன்னு பட்டியலே போட்டுச்சு. எனக்கு மட்டும் நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி. போர் முடிஞ்சா கேப்டனா திரும்பிப் போகணும். கேப்டனா வந்தவன் கேப்டனாவே.

தலைமையகத்துக்கு எழுதினேன், மூணாவது தாக்குதலுக்கு அனுமதி வேணும்னு. "இருக்கும் இடத்திலேயே இருக்கவும்"னு பதில். அந்தப் பதிலை எழுதின அலுவலகம் யாரோட அலுவலகம் தெரியுமா? கீர்த்திவர்மன் அலுவலகம். புரியுதா? எட்டாம் மேட்டை அவன் தனக்கு ஒதுக்கி வச்சிருக்கான்.

ஒரு நாள் காலையில ஒம்பது மணிக்கு வயர்லெஸ் சவரிமுத்து ஓடி வந்தான். எங்க கருவி ரெண்டாவது தாக்குதல்லயே அடி வாங்கினது, செய்தி பாதிதான் வரும். அவன் எழுதிக் கொண்டுவந்த துண்டுல இவ்வளவுதான் இருந்துச்சு: "எல்லாப் படைகளுக்கும். இன்று பதினான்கு மணி முதல் போர் நிறுத்தம்." செய்தியோட தொடக்கத்துல வர வேண்டிய ரகசிய வார்த்தை இல்ல. கடைசி வரியும் இல்ல.

சவரி கண்ணுல தண்ணி. "சார், முடிஞ்சிருச்சு சார்."

"ரகசிய வார்த்தை எங்கடா?"

"அந்த இடத்துல இரைச்சல் சார். ஆனா குரல் நம்ம தலைமையகக் குரல்தான். எனக்குத் தெரியும் சார்."

"குரலை யார் வேணும்னாலும் போலியா செய்யலாம். இது வளையத்துக்காரன் வேலை. நீ இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. இது உத்தரவு."

துண்டை வாங்கி என் உள்பையில வச்சுக்கிட்டேன். நீங்களா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க. ரகசிய வார்த்தை இல்லாத செய்தி செய்தியே இல்ல, விதி அப்படித்தான் சொல்லுது. பத்தரைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, எட்டாம் மேட்டுக்குக் கிளம்பறோம்னு சொன்னேன். பேச்சியம்மாள் மட்டும் கேட்டாங்க.

"தலைமையகம் அனுமதி குடுத்திருச்சா சார்?"

"கேப்டன் நான். நடங்க."

அவங்க சவரியைப் பார்த்தாங்க. சவரி தரையைப் பார்த்தான். நான் ரெண்டு பேரையும் பார்த்தேன். அப்பவே எனக்குள்ள மணி அடிச்சுது.

அந்தத் தரையில மூணு கிலோமீட்டர்னா மூணு மணி நேரம். பனிக்குள்ள கால் போயிடும், கவசம் மடங்காது, ஒருத்தனுக்கொருத்தன் கயிறு கட்டிக்கிட்டுத்தான் நடக்கணும். நான் முன்னாடி நின்னு விரட்டினேன். பொய்ச் செய்திதான் அது, சந்தேகமே இல்ல, இருந்தாலும் பதினாலு மணிக்குள்ள மேட்டைப் பிடிச்சிடணும்னு எனக்கு ஒரு வேகம். பாதி வழியில ஹலீமாவோட காற்றுக்குழாய் கசிஞ்சுது. விட்டுட்டு வாங்கன்னேன். பேச்சியம்மாள் நின்னு அடைச்சுட்டுத்தான் நகர்ந்தாங்க. இருபது நிமிஷம் போச்சு. வேணும்னே செஞ்ச தாமதம்.

மேட்டு மேல இருந்து ஒரு குண்டு கூட வரல. முதல் ரெண்டு தடவை மழையா கொட்டினவங்க இப்போ சும்மா இருக்காங்க. பொறி வச்சிருக்கான்னுதானே அர்த்தம்?

உச்சிக்கு ஏறி என் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாலு அஞ்சு.

கோபுரத்துக் கதவு திறந்துச்சு. ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. பன்னெண்டு பேர். கையில ஆயுதம் இல்ல. முன்னாடி வந்த ஆளு ஒரு காற்றுப் பீப்பாயோட மூடியைத் தூக்கிப் பிடிச்சிருந்தான். அதுல சாயத்தால பெருசா எழுதியிருந்துச்சு: 'சண்டை முடிஞ்சிறுச்சி'. எழுத்துப் பிழையோட. பிழையோட எழுதினா உண்மைன்னு நம்புவாங்கன்னு யோசிச்சு எழுதியிருக்கான், பாருங்க, எவ்வளவு தந்திரம்.

பொது அலைவரிசையில அவன் குரல் வந்துச்சு. எங்க எல்லாரோட தலைக்கவசத்துலயும் கேட்டுச்சு. வளையத்துக்காரங்க பேச்சே ஒரு இழுவை.

"வாங்க, வாங்க. பதினாலு மணியோட முடிஞ்சு போச்சுங்க. உங்களுக்குச் சேதி வரலீங்களா? நான் நாச்சிமுத்துங்க, இங்கத்த பொறுப்பு. உள்ள வந்து ஒரு வாய் சூடா குடிச்சுட்டுப் போங்க."

பதினாறு பேரும் என் பக்கம் திரும்பினாங்க. சவரி சொல்லிட்டான், பொது அலைவரிசையிலயே. "ஆமா, காலையிலயே வந்துச்சு. சார் உள்பையில இருக்கு."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "பொறி! சுடுங்க!"ன்னேன்.

யாரும் சுடல.

"சுடுங்க! இது உத்தரவு!"

துப்பாக்கி எல்லாம் தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. ஹலீமா துப்பாக்கியை முதுகுல மாட்டிடுச்சு. மூணாவது தடவை கத்தினேன். என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு. அப்பதான் எனக்குத் தெளிவாச்சு, முன்னாடியே பேசி வச்சிருக்காங்கன்னு. ஒருத்தன் ரெண்டு பேர் தயங்கினா பயம்னு சொல்லலாம். பதினாறு பேர் ஒண்ணா சுடாம நின்னா அதுக்குப் பேரு என்ன? சதி.

நானே துப்பாக்கியைத் தூக்கினேன். நாச்சிமுத்து மூடியைக் கீழ போடல, அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். பேச்சியம்மாள் நடந்து வந்தாங்க. ஓடல, நடந்துதான் வந்தாங்க. எனக்கும் அவனுக்கும் நடுவுல வந்து நின்னு, "போதும் சார்"ன்னாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. துப்பாக்கி வெடிச்சுது.

அது என் விரலா, கையுறை தடிமனா இருந்ததாலயா, எனக்கு இன்னிக்கும் உறுதியா சொல்ல முடியல. அவங்க வலது தோள்ல பட்டு, கவசம் கிழிஞ்சு, காத்து வெள்ளைப் புகையா சீறிச்சு. எங்க ஆளுங்களுக்கு முன்னாடி அந்த வளையத்துக்காரங்க ஓடி வந்தாங்க. நாச்சிமுத்து கையில இருந்த மூடியாலயே கிழிசலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அவங்களை உள்ள தூக்கிட்டுப் போனான். எங்க பதினாறு பேரும் பின்னாடியே போனாங்க. கதவு மூடிருச்சு.

நான் வெளிய நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. யாராவது வந்து என் துப்பாக்கியைப் பிடுங்குவாங்கன்னு நினைச்சேன். யாரும் வரல. கடைசியில ஹலீமாதான் கதவைத் திறந்து, "சார், காத்து தீர்ந்திரும், உள்ள வாங்க"ன்னுச்சு. உள்ள போய் ஒரு மூலையில உக்காந்தேன். அவங்க வைத்தியர் கையை எடுத்துட்டாரு, தோளோட. உயிர் நின்னிருச்சு. நாச்சிமுத்து ஒரு கோப்பை கொண்டுவந்து என் முன்னாடி வச்சான். நான் குடிக்கல. அதுல என்ன கலந்திருந்தானோ.

திரும்பி வந்ததும் என்னைக் கைது பண்ணுவாங்கன்னு துணிமணி கூட எடுத்து வச்சுட்டேன். அஞ்சு நாள் கழிச்சு வந்தது பாராட்டுக் கடிதம்!

பேச்சியம்மாள் படுக்கையில இருந்தே அறிக்கை சொல்லி எழுத வச்சிருக்காங்க. அதுல என்ன இருக்கு தெரியுமா? "செய்தி முழுமையாக வராத நிலையில், கேப்டன் மழவராயன் தாமே படையோடு நேரில் சென்று போர் நிறுத்தத்தை உறுதி செய்தார். எதிரிகளைக் கண்டும், சுட வேண்டாம் என்று உத்தரவிட்டார். என் துப்பாக்கி தவறி வெடித்ததில் எனக்குக் காயம்." கீழ பதினாறு கையெழுத்து. வளையத்துக்காரங்க தரப்புல நாச்சிமுத்துவும் அதையே எழுதிக் குடுத்திருக்கான். எதிரி! அவனுக்கு இதுல என்ன லாபம்?

அந்தம்மா கையெழுத்து கோணல் மாணலா இருந்துச்சு. போலின்னு நினைச்சு நிபுணர்கிட்ட அனுப்பினேன். இடது கையால போட்டது, அதான் கோணல்னு பதில் வந்துச்சு.

மனசு ஆறல. டைட்டன் நிலாவுல, தலைநகர் மருத்துவமனைக்கு நேராவே போனேன். ஜன்னல் பக்கமா உக்காந்து ஒரு கையால சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கிட்டு இருந்தாங்க. எழுந்திரிக்கப் பார்த்தாங்க.

"உக்காருங்க. உங்களுக்கு என்ன வேணும்? நேரா சொல்லுங்க."

"எனக்கா? ஒண்ணும் வேண்டாம் சார்."

"பின்ன எதுக்கு அப்படி எழுதினீங்க?"

பொத்தானை விட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. "உண்மையை எழுதியிருந்தா பதினாறு பேரும் உத்தரவை மீறினவங்க ஆயிடுவாங்கல்ல சார். போர்க்களத்துல மீறினா என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும். நீங்க 'சுடாதீங்க'ன்னு சொன்னதா இருந்தா, யாரும் எதையும் மீறல. புள்ளைங்க வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான்."

"அதுக்காக உங்க கையைத் தூக்கிக் குடுத்துட்டு எனக்கு விருதும் வாங்கிக் குடுப்பீங்களா?"

"விருது நான் நினைக்கல சார். அது அவங்களா குடுக்கறாங்க." அப்புறம், "செத்துப்போன அந்த நாப்பத்து மூணு பேர் வீட்டுக்கு நான் எழுதின கடிதத்துக்குப் பதில் வந்திருக்குமே, படிச்சீங்களா சார்?"ன்னு கேட்டாங்க.

பேச்சை எப்படித் திருப்பறாங்க பாருங்க! நான் எழுந்து வந்துட்டேன்.

அந்தம்மா சொன்னதை நான் யோசிக்காம இல்ல. ராத்திரி பகலா யோசிச்சேன். பதினேழு பேர், எதிரி பன்னெண்டு பேர், எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்றாங்க. யாருக்கும் ஒண்ணும் வேண்டாமாம். அப்படி நடக்குமா? உலகத்துல எங்கயாவது நடந்திருக்கா? இதுக்குப் பின்னாடி எதுவோ இருக்கு. நாளைக்கே வெளிய வரும்.

விழா போன வாரம். பெரிய கூடம், பூரா சனம். தளபதியே வந்து விருதை மார்ல குத்திவிட்டார். என் படத்தைக் கல்லூரி முன்கூடத்துல மாட்டப் போறாங்களாம். அங்கதான் இப்போ போய்க்கிட்டு இருக்கேன், புதுசா சேர்ந்த அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தணும். பொறுமை, நிதானம்னு பாடத்துக்குப் பேரு வச்சிருக்காங்க. கீர்த்திவர்மன் வந்து கையைக் குடுத்தான். "உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலடா"ன்னான். என்ன அர்த்தத்துல சொன்னான்?

கடைசியில ஒரு சடங்கு உண்டு. விருது வாங்கின அதிகாரிக்கு அவன் படை ஒவ்வொருத்தரா வந்து சல்யூட் வைக்கணும், அதிகாரி பதில் வைக்கணும். பதினாறு பேரும் வந்தாங்க. சவரி வந்தான், ஹலீமா வந்துச்சு. ஒவ்வொரு முகமா உத்துப் பார்த்தேன். ஒருத்தர் கூடச் சிரிக்கல, ஒருத்தர் கூட முறைக்கல. பதினாறு பேருக்கும் பதில் வச்சேன்.

பதினேழாவதா பேச்சியம்மாள். சீருடையோட வலது கையை மடிச்சுத் தைச்சிருந்தாங்க. என் முன்னாடி வந்து நிமிர்ந்து நின்னு, இடது கையைத் தூக்கி சல்யூட் வச்சாங்க.

நான் வைக்கல.

ராணுவத்துல இடது கை சல்யூட் கிடையாது. எந்த விதிப் புத்தகத்துலயும் கிடையாது, வந்தப்புறம் மூணு தடவை புரட்டிப் பார்த்துட்டேன். கேலி பண்றாங்களோன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. அவங்க கையை இறக்கல. அப்படியே என் கண்ணைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. கடைசியில என் பக்கத்துல நின்ன தளபதி தன் கையைத் தூக்கினார். அவரும் இடது கையைத்தான் தூக்கினார். பேச்சியம்மாள் கையை இறக்கிட்டு, திரும்பி, அந்தப் பசங்களோட போய் நின்னாங்க.

அதுக்கப்புறம் யாரும் என்கிட்டப் பேசல. கைதட்டினவங்க கூட வேற பக்கம் பார்த்துக்கிட்டுப் போனாங்க. தளபதிக்கு யாரோ எல்லாத்தையும் சொல்லியிருக்காங்கன்னுதான் எனக்குப் படுது.

நீங்க வெளியாளுன்னா ஒரு பதில் சொல்லுங்க. என்னை அப்படிப் பார்க்காம, வாயைத் திறந்து சொல்லுங்க. விதிப்படி பார்த்தா, நான் செஞ்சதுல தப்பு எங்க இருக்கு?